சாத்தையாவின் கோர்ட்டுச் செலவு

புரட்டாசி 21, புதன்

புழுக்கம். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது, ஒரு தூறல்கூடப் போடாமல் போய்விட்டது. மாடியில் காயப்போட்ட வற்றலை இரண்டு தடவை உள்ளே எடுத்து, இரண்டு தடவை வெளியே போட்டாயிற்று. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

இது இவர் ரங்கோனிலிருந்து கொண்டுவந்த டைரி. போன வருஷத்தது, ஒரு பக்கம்கூட எழுதவில்லை. அச்சடித்த தேதி ஒத்துவராது. மேலே தமிழ்த் தேதி போட்டுக்கொள்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

இன்று இவர் மேல் இருந்த வழக்கில் தீர்ப்பு. விடியற்காலை மோட்டாரில் போனவர்கள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார்கள். முதலில் இறங்கியவர் வீட்டுக் கணக்குப் பார்க்கிற காரியக்காரர். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

குற்றம் ருசுவாகிவிட்டதாம். சர்க்காருக்கு அபராதம். அது போக இன்னொன்று: வண்டிக்காரன் சாத்தையா இந்த வழக்கைப் போட ஆன ஸ்டாம்புச் செலவு, சம்மன் கூலி, சாட்சிப் படி எல்லாவற்றையும் இவரே சாத்தையாவுக்குத் தர வேண்டுமாம். அப்படி ஒரு சட்டம் இருப்பது இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாமியார் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "நம்ம மேல கேஸு போட்டவனுக்கு நாமளே செலவு குடுக்குறதா? இது எந்த ஊரு நாயம்?"

அபராதத்தை அங்கேயே கட்டிவிட்டார். செலவைக் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"அபராதம் சர்க்காருக்கு. வரி கட்டுறோமுல்ல, அது மாதிரி கட்டியாச்சு. என்னையக் கூண்டுல ஏத்துறதுக்கு அவன் செலவழிச்சதை நான் ஏன் குடுக்கணும்?"

தொகை பெரிதில்லை. கிராமபோன் தட்டு வாங்குகிற காசில் பாதி வராது.

சாப்பிடவில்லை. நானும் பாதியில் எழுந்துவிட்டேன். ரசம் வீண்.

புரட்டாசி 22, வியாழன்

காற்று அறவே இல்லை. தலைவலி. சுக்குப் பற்று போட்டும் விடவில்லை.

செய்ய வேண்டியது: பூஜைக்குப் பித்தளை தேய்க்க. உளுந்து புடைக்க. கீழச்சிவல்பட்டிக்கு ஆத்தாளுக்கு எழுத (என்ன எழுத?).

வக்கீல் வந்தார். முகப்பில் பேச்சு. நான் கதவுக்குப் பின்னால் உளுந்தோடு உட்கார்ந்திருந்தேன். உளுந்தில் ஒரு கல்லைக்கூடப் பார்க்கவில்லை, காது பூராவும் அங்கேதான்.

"கட்டலைன்னா ஜப்திக்கு வருவாக. வரட்டும். எதை எடுப்பாக?" என்றார் வக்கீல். "வீடு பொது. மோட்டாரு ஒங்க அப்பச்சி பேருல. ஒங்களுக்குன்னு தனியா இருக்கது அந்த ஒரு உள்வீடுதான். அதுக்குள்ள இருக்கது பூராம் ஆச்சி சீரு. ஒவ்வொண்ணுலயும் ஆச்சி பேரு வெட்டியிருக்குல்ல?"

"கரண்டி வரைக்கும்," என்றார் இவர்.

"அப்பறமென்ன? பொம்பளை சொத்தத் தொட முடியாது. ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டுப் போயிருவாக. மேக்கொண்டு எதாச்சும் வாரதுக்குள்ள நீங்க கப்பல்ல இருப்பீக."

சிரித்தார்கள். நேற்றிலிருந்து இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. மாமியார் வக்கீலுக்கு இரண்டாம் தடவை காப்பி அனுப்பினார்கள்.

வக்கீல் சொன்னது சரிதான். கல்யாணமான மகனுக்கு உள்வீடு என்று ஓர் அறை, தனி அடுப்பு, அதற்கொரு சாவி. எங்கள் அறையில் கட்டில் முதல் உப்பு வைக்கிற மரவை வரை என்னைப் பெற்ற அப்பச்சி அனுப்பியது. பாத்திரத்தில் எல்லாம் உமையாள், உமையாள் என்று என் பேரை வெட்டித்தான் வண்டியில் ஏற்றினார்கள். ஆனால் அது என் சொத்து என்று இவர்களுக்கு இன்றுதான் ஞாபகம் வந்திருக்கிறது. இவர் தம்பி கல்யாணத்துக்கு என் பெரிய அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு வார்த்தை கேட்டார்களா? ஒன்று நெளிந்து வந்தது. இன்னும் அப்படியே இருக்கிறது.

இருப்புக் கொள்ளவில்லை. உளுந்தை மறுபடி முதலிலிருந்து புடைத்தேன்.

புரட்டாசி 23, வெள்ளி

அம்மன் கோயில். நல்ல கூட்டம். பூ விலை கொள்ளை.

பிரகாரத்தில் ராக்கு. சாத்தையா பெண்சாதி. வழக்குக்கு முன்னால் தினமும் நம் வீட்டுக்கு மோர் ஊற்றியவள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, நின்றாள். காதைப் பார்த்தேன். தண்டட்டி இல்லை. இத்தனை வருஷம் கனம் தாங்கிய காது, வெறுமனே தோள் வரை தொங்குகிறது.

"எங்கடி?" என்றேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அடகுல இருக்கு ஆச்சி. வக்கீலு, ஸ்டாம்பு, சாட்சிக்கு வந்தவுகளுக்குச் சோறு, எல்லாம் அதுலதான். செலவு வந்தா மீக்கணும்."

"ராசியாப் போயிருக்கலாமுல்ல? வேட்டியும் பணமும் தாரோம்னு பெரியவுக சொல்லி விட்டாகளே."

"குச்சியால அடிச்சிருந்தா ராசியாப் போயிருப்பாரு ஆச்சி. செருப்பால அடிச்சாகள்ல." அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

ஆமாம். செருப்பால்தான். நான் மோட்டாரில் பின் ஸீட்டில் இருந்தேன். கானாடுகாத்தான் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி. குறுகல் ரோடு, இரண்டு பக்கமும் பள்ளம். முன்னால் வைக்கோல் வண்டி. இவர் ஹாரனை விடாமல் அமுக்கினார். சாத்தையா ஓரம் கட்டத்தான் பார்த்தான். ஹாரனுக்கு மாடு மிரண்டு, சக்கரம் மட்கார்டில் உரசிவிட்டது. நகத்தால் கீறின அளவு. இறங்கினார், செருப்பைக் கழற்றினார். சாத்தையா தலைக்கயிற்றை விடவில்லை, மாடு ஓடிவிடும் என்று. அதனால் கையைத் தூக்கித் தடுக்கக்கூட முடியவில்லை. புருவம் பிளந்து ரத்தம். நான் "வேணாம், வேணாம்" என்றேன். கண்ணாடி ஏற்றியிருந்தது.

கோர்ட்டில் நான்கு பேர் சாட்சி சொன்னார்களாம். கயிற்றைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையாம்.

குங்குமப் பொட்டலத்தைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

புரட்டாசி 25, ஞாயிறு

மேகமூட்டம். பிற்பகலில் நாலு தூறல்.

காலையிலேயே ஆசாரி வந்தார், பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர். பூஜைக்குப் புதுச் செம்பு ஏதாவது வாங்கியிருக்கிறார்களோ என்று நினைத்தேன். இவர் தன் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து ஜமுக்காளத்தில் வைத்தார். எல்லாவற்றிலும் என் பேரை வெட்ட வேண்டுமாம்.

வைத்தவை:
வெள்ளி வெற்றிலைப் பெட்டி (இவர் ஐயா, அப்பச்சியைப் பெற்றவர், கொடுத்தது. இது இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக மாட்டார்).
வெள்ளிக் கூஜா.
சுவர்க் கடிகாரம், பித்தளை விளிம்பில்.
கிராமபோன், குழாயின் வாயில்.
பூண் போட்ட கைத்தடி.
சவரக் கிண்ணம்.

உமையாள் சவரக் கிண்ணம். நான் தினமும் சவரம் செய்துகொள்கிறேன் என்று ஜப்திக்கு வருகிற போலீஸ்காரர் நம்ப வேண்டும்.

டக் டக் டக். பகல் பூராவும். வீட்டில் எங்கு போனாலும் அந்தச் சத்தம். ஆசாரி ஒரு தடவை உளியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆச்சிக்குச் சம்மதந்தானே?" என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "குடிக்கத் தண்ணி குடுங்க ஆச்சி" என்றார்.

ஆசாரி கூலியும் வக்கீலுக்குப் போனதும் சேர்ந்து சாத்தையா செலவைத் தாண்டியிருக்கும். சொன்னேன். "கணக்கு அது இல்ல" என்றார். எது கணக்கு என்று சொல்லவில்லை.

மாமியார் வந்து கைத்தடியைப் பார்த்து, "எழுத்து நல்லா வந்திருக்கு" என்றார்கள்.

புரட்டாசி 26, திங்கள்

மழை இல்லை. வேர்வை. கொலுப் படி கட்ட ஆள் வரவில்லை.

சண்டை. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவரும் நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, கண் உள்ளே போய்விட்டது. அதைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு.

"குடுத்துருங்களேன்," என்றேன். "ராக்கு காதுல ஒண்ணும் இல்ல. பாக்கச் சகிக்கலை."

"நீ வேணும்னா அவளுக்கு ஒரு தோடு வாங்கிக் குடு. நான் வேணாங்கலை. தருமம்னா எம்புட்டு வேணாலும் தாரேன். அவன் செலவுன்னு குடுக்க மாட்டேன்."

"எதனால?"

மெதுவாகச் சொன்னார். "அந்த மாஜிஸ்திரேட்டுக்கு என் வயசுல பாதி இருக்கும். என்னைய நிக்க வச்சிட்டு அந்த வண்டிக்காரனை உக்காரச் சொன்னான், காலு வலிக்குதான்னு கேட்டு. ஊரு பூராம் பாத்துச்சு. அந்தச் செலவைக் குடுத்தா, அவன் கேஸு போட்டது சரி, நான் செஞ்சது தப்புன்னு ஆகும்."

"தப்புத்தானே," என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படிச் சொன்னதில்லை. அவர் போய்க் கிராமபோனை முடுக்கினார். ஒரே தட்டைத் திரும்பத் திரும்ப. பூசணிக்காய் அடிப்பிடித்துவிட்டது.

புரட்டாசி 28, புதன்

தூறல். விடாத தூறல்.

வந்துவிட்டார்கள். ஏட்டு, கிராம முன்சீப், தலையாரி. சாத்தையாவும் வந்திருந்தான், வாசலுக்கு வெளியே, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. புருவத்தில் தழும்பு.

உள்வீட்டுச் சாமானை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்து நடுமுற்றத்து வளவில் பரப்பினார்கள். என் அண்டா, என் தவலை, என் குத்துவிளக்கு. எண்ணெய்ப்பிசுக்கோடு முறுக்கு உரல்கூட. இத்தனை பேர் பார்க்க. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் அறை நிலைக்கு உள்ளே நின்றேன், பக்கத்தில் மாமியார்.

ஏட்டு வடக்கத்தி ஊர்க்காரர். ஒவ்வொரு பாத்திரமாகத் திருப்பிப் பார்த்தார். "என்னய்யா, கரண்டியில்கூட ஒரே பேர்?"

"இவுக வழக்கம் அப்படி," என்றார் முன்சீப். "பொண்ணு கொண்டாந்த சாமான்ல பொண்ணு பேரு இருக்கும். அது பொண்ணுக்குத்தான்."

ஏட்டு எழுதிக்கொண்டே வந்தார். வெற்றிலைப் பெட்டிக்கு வந்ததும் நின்றார். விரலால் எழுத்தைத் தடவினார். மற்றதில் எல்லாம் எழுத்து புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கியிருக்கிறது. இதில் பிசிறுகூடப் போகவில்லை. அவர் முட்டாள் இல்லை. நேரே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, இது உங்களுடையதா?"

கேட்டார். இந்த விவகாரம் தொடங்கிய நாளிலிருந்து என்னை யாராவது கேட்ட முதல் கேள்வி இது. மோட்டாரில் இருந்தவள் நான். பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். கோர்ட்டிலும் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை.

இவர் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமியார் என் முழங்கையைத் தொட்டார்கள்.

"என்னுதுதான்," என்றேன். மாமியார் மூச்சு விட்டது கேட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "என்னுதுன்னா நான் யாருக்கு வேணாலும் குடுக்கலாமுல்ல?"

"தாராளமா," என்றார் ஏட்டு.

"அப்ப அதைச் சாத்தையாவுக்குக் குடுத்துருங்க. அவன் செலவுக்கு."

எனக்கு இதுதான் நல்ல வழி என்று பட்டது, சத்தியமாக. இவர் கொடுத்ததாகவும் ஆகாது, ராக்கு காதுக்கும் வழி பிறக்கும், வீட்டு மானமும் போகாது. நானே எனக்குள் மெச்சிக்கொண்டேன். தலையாரி பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

சாத்தையா கையை நீட்டவில்லை. அங்கிருந்தே சொன்னான்.

"ஆச்சி பொறுத்துக்கிறணும். ஆச்சி பொருளு எனக்கு வேணாம். ஆச்சியா என்னைய அடிச்சாக? அடிச்சவுக குடுக்கட்டும். இல்லைன்னா இல்லைன்னு எழுதுங்க, நான் போறேன். மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபம்கூட வந்தது, இவ்வளவு செய்தும் வேண்டாம் என்கிறானே என்று. அப்புறம்தான் உறைத்தது. நானும் இவரைப் போலத்தான் தருமம் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

ஏட்டு இவரைப் பார்த்தார். இவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு, தப்பித்துவிட்டோம் என்று. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாவிட்டால் நான் பேசாமல் உள்ளே போயிருப்பேன்.

"அந்தப் பொட்டி என்னுது இல்ல," என்றேன். "அவுகளுது. பேரு ஞாயித்துக்கெழமைதான் வெட்டுனது."

மாமியார் என் கையை விட்டுவிட்டார்கள்.

"மற்றதில் எதாவது?" என்றார் ஏட்டு. முன்சீப் குறுக்கிட்டார். "இது ஒண்ணே செலவுக்குக் காணுமுங்க. மிச்சத்த எதுக்குக் கெளறணும்." கடிகாரத்தைப் பற்றியும் கிராமபோனைப் பற்றியும் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெட்டி ஜப்தி, பாக்கி எல்லாம் சம்சாரம் உமையாள் ஆச்சி சொத்து என்று எழுதி, வாசித்துக் காட்டினார்கள். இவர் கையெழுத்துப் போட்டார். நிப்பு காகிதத்தைக் கிழித்தது.

சாமானை எல்லாம் நானேதான் திரும்ப உள்ளே வைத்தேன். உதவிக்கு ஒருவரும் வரவில்லை.

புரட்டாசி 30, வெள்ளி

நல்ல மழை. வளவில் கணுக்கால் தண்ணீர்.

நேற்றே காரியக்காரர் போய் முன்சீப்பிடம் இவர் பேரில் ரொக்கம் கட்டிப் பெட்டியை மீட்டு வந்தாராம். சாத்தையா கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டானாம். அடித்தவர் கட்டினார், அடிபட்டவன் வாங்கினான். அவ்வளவு சின்ன விஷயம். இதற்கு எத்தனை பேர், எத்தனை நாள்.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இரண்டு நாளாக மாமியார் அடுப்பில்தான் இவர் சாப்பிடுகிறார். நான் ஒருத்திக்கு உலை வைக்கத் தெரியவில்லை, தினமும் சோறு மிஞ்சுகிறது. ஓப்படியாள், இவர் தம்பி பெண்சாதி, என்னைக் கண்டால் புடவையை ஒதுக்கிக்கொண்டு போகிறாள். முகப்பில் யாரோ சொன்னது காதில் விழுந்தது: "சொந்தப் புருசனைக் காட்டிக் குடுத்தவ." காட்டிக் கொடுத்தேன்தான். வேறு வழி தெரிந்திருந்தால் அதைச் செய்திருப்பேன்.

ஆத்தாளுக்கு இன்னும் எழுதவில்லை.

சாயங்காலம் வாசல்படியில் வந்து நின்றார். நாளை புறப்படுகிறார். என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"சாவி. கிராமபோனும் கடியாரமும் டிரங்குப் பொட்டியில வைக்கணும். ரங்கோனுக்குக் கொண்டு போறேன்."

"அது எஞ் சாமானுல்ல?"

"வெளையாடாத."

"வெளையாடலை. சர்க்காரு எழுதியிருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீக."

சாவி இடுப்பில். கை அதை இறுக்கிப் பிடித்திருந்தது, நான் சொல்லாமலே.

"அப்ப ஒங்கிட்டக் கேட்டு வாங்கணுமாக்கும்?"

"ஆமா."

நின்றார். போனார். இப்போது முகப்பில் நடக்கிறார், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும். மழைச் சத்தத்தில் அது மட்டும் தனியாகக் கேட்கிறது.

கேட்டால் கொடுத்துவிடுவேன், உடனே. கேட்கட்டும்.